முனைவர் பட்ட ஆய்வுக்கான நிதியைத் துறை எப்படிப் பங்கிடுகிறது: புதிதாகச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தவருக்கு வரும் கடிதத்தில் சேர்க்கையைப் பற்றிய வரிகள் தெளிவாக இருக்கும். பணத்தைப் பற்றிய வரிகள் மட்டும் "நிதி இருப்பைப் பொறுத்து", "ஆய்வு முன்னேற்றம் திருப்திகரமாக இருந்தால்" என்று பிடிகொடுக்காமல் போகும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு துறை அலுவலகமும், ஓர் எக்செல் தாளும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கூடும் ஒரு குழுவும் இருக்கின்றன. அத்தகைய குழுவில் சில ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பணத்தால் அல்லல்பட்ட ஆய்வு மாணவர்களில் பெரும்பாலோர், தம் உதவித்தொகை எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது, அது எந்த மாதத்தோடு தீர்கிறது என்பதை யாரும் சொல்லாததால் சிக்கியவர்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கேட்டால் சொல்லக்கூடிய செய்திகள்தான் இவை. என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

முதல் படி: பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

துறைக்கு ஒரே ஒரு பணப்பெட்டி இருப்பதாகவும், துறைத் தலைவர் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகவும் புதியவர்கள் நினைப்பது இயல்பு. நடைமுறையில் பணம் பல தலைப்புகளில் தனித்தனியாக வருகிறது. ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்பின் செலவுக்குத் திருப்ப பெரும்பாலும் அனுமதி இல்லை. "அந்தப் பேராசிரியரிடம் அத்தனை நிதி இருக்கிறதே, எனக்கு ஏன் தரவில்லை" என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த விதியில்தான் இருக்கிறது.

முதலாவது வழி கற்பித்தல் பணி. இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்துதல், பயிற்சி வகுப்பு எடுத்தல், விடைத்தாள் திருத்துதல் ஆகியவற்றுக்காகப் பல்கலைக்கழகம் துறைக்கு இத்தனை இடங்கள் என்று ஒதுக்குகிறது. இந்த எண்ணிக்கை ஆய்வு மாணவர்களின் தேவையைப் பார்த்து முடிவாவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு முதலாண்டுப் பாடத்தில் 300 பேர் சேர்ந்தால், 25 பேர் கொண்ட 12 குழுக்கள் வரும். ஓர் உதவியாளருக்கு இரண்டு குழுக்கள் என்றால் ஆறு பேருக்கு வேலை. அடுத்த ஆண்டு அதே பாடத்தில் 200 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் எட்டுக் குழுக்கள், நான்கு உதவியாளர்கள். இரண்டு ஆய்வு மாணவர்களின் வாழ்வாதாரம், அவர்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு காரணத்தால் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது, நெறியாளரின் ஆய்வுத் திட்ட நிதி. ஓர் அரசு நிறுவனமோ அறக்கட்டளையோ குறிப்பிட்ட ஆய்வுக்காக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, பேராசிரியரை முதன்மை ஆய்வாளராகக் கொண்டு கொடுக்கும் பணம் இது. இதில் யாரை அமர்த்துவது என்பதில் பேராசிரியரின் சொல்லே பெரும்பாலும் இறுதியானது. துறையின் குழு வெறும் ஒப்புதல் தரும். அறிவியல், பொறியியல் துறைகளில் இந்த வழி பெரியது. மொழி, வரலாறு, மெய்யியல் துறைகளில் சிறியது.

மூன்றாவது, பல்கலைக்கழகமோ துறையோ தன் சொந்த நிதியிலிருந்தும் கொடையாளர்களின் அறக்கட்டளை வருமானத்திலிருந்தும் தரும் ஃபெலோஷிப். நான்காவது, மாணவர் தாமே போட்டியிட்டு வென்று கொண்டுவரும் வெளி ஃபெலோஷிப். இவ்விரண்டிலும் மாணவருக்குக் கற்பித்தல் கடமை குறைவு, அல்லது அறவே இல்லை.

இரண்டாம் படி: நீங்கள் சேரும் நாட்டின் முறை எது என்று பாருங்கள்

மேற்சொன்ன நான்கு வழிகளும் எங்கும் உண்டு. ஆனால் எது முதன்மையானது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் துறைக்கே அதிகாரம் மிகுதி: முதலாண்டு ஃபெலோஷிப், அடுத்து இரண்டாண்டு கற்பித்தல், பிறகு திட்ட நிதி என்று பல வழிகளைக் கோத்து, நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் உறுதிமொழியைத் துறை தருகிறது. அங்கே அரைநேரப் பணி என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று பொருள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதால், வெளிநாட்டு மாணவருக்குக் கூடுதல் பணி கொடுத்துப் பற்றாக்குறையை ஈடுகட்டவும் துறையால் முடியாது.

ஜெர்மனியில் பலர் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே அமர்த்தப்படுகிறார்கள். மாநில அரசுகளின் ஊதிய ஒப்பந்தத்தில் ஈ-13 என்ற படிநிலையில், பெரும்பாலும் முழுப் பணியின் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவில், பணி ஆணை வரும். ஸ்வீடனிலும் ஆய்வு மாணவர் ஊழியர்தான். அங்கே கற்பித்தல் முதலிய துறைப் பணிகள் மொத்த நேரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது, அந்த அளவுக்குப் பணிக்காலமும் நீட்டிக்கப்படுகிறது. இத்தகைய நாடுகளில் "உதவித்தொகை எவ்வளவு" என்று கேட்பதைவிட "பணி ஒப்பந்தம் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு" என்று கேட்பதே பொருத்தம்.

பிரிட்டனில் யு.கே.ஆர்.ஐ. என்னும் ஆய்வு நிதி அமைப்பு பல்கலைக்கழகங்களுக்கு மொத்தமாக இடங்களைக் கொடுத்து, அவற்றை நிரப்பும் பொறுப்பை அவர்களிடம் விடுகிறது. குறைந்தபட்ச உதவித்தொகையை அந்த அமைப்பே ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025-26 கல்வியாண்டுக்கு அது 20,780 பவுண்டு.

இந்தியாவில் தேசிய அளவிலான தேர்வே மையம். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு ஃபெலோஷிப்) பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு ஃபெலோஷிப்) நிலையில் 42,000 ரூபாயும், விதிப்படி வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. மொத்தம் ஐந்து ஆண்டுகள். இதில் துறை பணத்தைப் பங்கிடுவதில்லை. மாதந்தோறும் வருகையையும் முன்னேற்றத்தையும் சான்றளிக்கிறது. அந்தச் சான்று நெறியாளர் மேசையிலோ துறை அலுவலகத்திலோ தேங்கினால் பணமும் தேங்கும். ஆகவே இந்திய மாணவருக்கு அலுவலக உதவியாளரோடு உள்ள நல்லுறவு, குழுவின் தயவைவிட முக்கியம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வு மாணவர்களுக்குத் தரப்படும் மாதம் 8,000 ரூபாயைத் தவிர, மற்றவர்கள் நெறியாளரின் திட்ட நிதியையும் மாநில அரசுகளின் உதவித்தொகைகளையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கும் இந்த 8,000 ரூபாய் பெறுபவருக்கும் இடையிலான இடைவெளி நியாயமானதல்ல என்பதை இங்கே சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஆய்வகத்தில் ஒரே நேரம் உழைக்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரின் நான்கு மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

மூன்றாம் படி: குழு போடும் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

துறைக்கே அதிகாரம் உள்ள இடங்களில் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கணக்கின் போக்கு உண்மையானது.

சுவரில் எக்செல் தாள் விரிகிறது. துறைக்குக் கற்பித்தல் இடங்கள் 40. உறுதிமொழிக் காலத்துக்குள் இருக்கும் மாணவர்கள் 38 பேர். அவர்களில் ஒன்பது பேரின் பெயர்கள் பச்சை நிறத்தில் இருக்கின்றன. அவர்கள் நெறியாளர்களின் திட்ட நிதியில் இருப்பவர்கள். மூன்று பேர் வெளி ஃபெலோஷிப் வைத்திருக்கிறார்கள். மீதி 26 பேருக்குக் கற்பித்தல் இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஆகக் கையில் நிற்பது 14. "பச்சையில் இருப்பவர்களில் யாருடைய திட்டம் ஆண்டு நடுவில் முடிகிறது?" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு பேர். அவர்கள் திரும்பி வந்தால் கொடுப்பதற்கு இரண்டு இடங்களை மூடி வைக்கிறார்கள். பன்னிரண்டு மிச்சம். உறுதிமொழிக் காலம் முடிந்தும் ஆய்வேட்டை முடிக்காத ஆறு மூத்த மாணவர்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களில் நால்வருக்குக் கொடுத்தால் புதியவர்களுக்கு எட்டு இடம்.

எட்டுப் பேர் சேர வேண்டுமானால் எத்தனை பேருக்குக் கடிதம் அனுப்புவது? பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போவார்கள் என்பது முந்தைய ஆண்டுகளின் அனுபவம் என்றால் 16 கடிதங்கள். பதினாறில் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த ஆண்டு மூத்தவர்களுக்கு இடமே இராது. துறைகள் இதற்கு அஞ்சித்தான் முதலில் குறைவாக அனுப்பிவிட்டு, காத்திருப்போர் பட்டியலை வைத்துக்கொள்கின்றன. ஏப்ரல் நடுவில் திடீரென்று ஒருவருக்கு இடம் கிடைப்பதன் காரணம் இதுவே. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் மனம் தளரத் தேவையில்லை. ஆர்வம் மாறவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் பொறுத்திருப்பது பயன் தரும்.

இதில் கவனிக்க வேண்டியது, தகுதியை எடைபோடுவது சேர்க்கையின்போதும் ஃபெலோஷிப் தேர்வின்போதும்தான் மிகுதியாக நடக்கிறது. அதன்பின் நடப்பது பெரும்பாலும் ஆளையும் இடத்தையும் பொருத்தும் வேலை: இன்ன பாடத்தை யாரால் நடத்த முடியும், யார் களப்பணிக்குப் போகிறார், யாருக்கு வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது. உங்களுக்கு விருப்பமற்ற பாடம் ஒதுக்கப்பட்டால் அதை உங்கள் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெறியாளர் ஏன் தயங்குகிறார் என்பதும் கணக்குதான். திட்ட நிதியில் ஒரு மாணவரை அமர்த்தினால் அவருடைய மாத உதவித்தொகையோடு செலவு முடிவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் மேல்நிலைச் செலவு ஆகியவையும் அந்தத் திட்டத்தின் மேல் ஏறும்; அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கூடுதல் என்பதால் சுமையும் கூடும். மாணவர் கையில் வாங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு திட்டத்திலிருந்து போவது அரிதல்ல.

நான்காம் படி: கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்து ஒப்பிடுவது பெரிய தவறு. முதலில், அந்தத் தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று பாருங்கள். கற்பித்தல் பணி பல இடங்களில் ஒன்பது மாதத்துக்கே. கோடை மூன்று மாதம் வருமானம் இல்லாமல் போகும். கடிதம் அதைச் சொல்லாவிட்டால், இல்லை என்றே எடுத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, கட்டண விலக்கு எதையெல்லாம் மூடுகிறது என்று பாருங்கள். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, மாணவர் நலக் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று தனித்தனியாக வசூலிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. சேர்ந்த முதல் மாதத்தில் சம்பளம் வருவதற்கு முன்பே இந்தக் கட்டணங்களுக்கான கெடு வந்துவிடுகிறது. முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, அதுவரைக்கும் கைப்பணம் வைத்துக்கொள்வது நல்லது. வரியும் கணக்கில் வர வேண்டும்: அமெரிக்காவில் கட்டணத்துக்கு மேல் வாழ்க்கைச் செலவுக்காகத் தரப்படும் ஃபெலோஷிப் தொகை பொதுவாக வரிக்கு உட்பட்டது, ஆனால் சம்பளத்தில் பிடிப்பது போல அதில் பல நேரங்களில் முன்கூட்டியே பிடிக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் ஒட்டுமொத்தமாகக் கட்ட நேர்ந்து திகைத்தவர்கள் பலர்.

மூன்றாவதாக, "உறுதி" என்ற சொல் எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள். "ஐந்தாண்டு நிதி உறுதியளிக்கப்படுகிறது" என்பதும் "ஐந்தாண்டு நிதி அளிக்கத் துறை எதிர்பார்க்கிறது" என்பதும் இரு வேறு வாக்கியங்கள். இரண்டாவது வகைக் கடிதம் வந்தால் சேரக் கூடாது என்று சொல்லவில்லை. நல்ல துறைகள் கூடப் பல்கலைக்கழக வழக்கறிஞர்களின் அறிவுரையால் இப்படி எழுதுகின்றன. அந்நிலையில் ஆய்வு மாணவர் ஒருங்கிணைப்பாளருக்கு மடல் எழுதி, மூன்று செய்திகளை நேரடியாகக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் முன்னேற்றம் திருப்திகரமாக இருந்தும் நிதி இழந்த மாணவர் யாரேனும் உண்டா, நெறியாளரின் திட்டம் முடிந்தால் கற்பித்தல் இடம் கொடுத்துத் துறை தாங்குமா, மாணவர்கள் முடிக்க எத்தனை ஆண்டு எடுக்கிறார்கள், அத்தனை ஆண்டுக்கும் நிதி இருந்ததா. இந்த மூன்றுக்கும் தயக்கமில்லாமல் விடை வந்தால் அந்தக் கடிதத்தை நம்பலாம். பிறகு இதே கேள்விகளை அங்கே படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் இருவரிடமாவது கேளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குச் சிக்கல் இன்னும் வந்திராது.

ஐந்தாம் படி: ஒப்புக்கொள்வதற்கு முன் பேசுங்கள்

வேறொரு துறை கூடுதலாகத் தருகிறது என்றால், அந்தக் கடிதத்தை இணைத்து, பணிவாகவும் சுருக்கமாகவும் கேட்பதில் தவறில்லை. மாதத் தொகையை உயர்த்துவது ஒருங்கிணைப்பாளர் கையில் இராது. எல்லாருக்கும் ஒரே அளவு என்று பல்கலைக்கழகம் வைத்திருக்கும். ஆனால் முதலாண்டில் கற்பித்தலிலிருந்து விலக்கு, ஒரு கோடைக்கான தொகை, இடம்பெயரும் செலவு, கருத்தரங்குப் பயணச் செலவு ஆகியவை அவர் கையில் இருக்கக்கூடியவை. கையில் இருப்பதைக் கேட்டால் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஏப்ரல் 15 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தை ஏற்றுள்ள பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தரும் சேர்க்கைக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. யாரேனும் மார்ச் மாதத்திலேயே முடிவு கேட்டு நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்மானத்தை நினைவூட்டலாம்.

ஆறாம் படி: சேர்ந்தபின் ஒரு நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள்

நிதி தொடர்வதற்கான ஆண்டு மதிப்பீடு எந்த மாதம், கற்பித்தல் விருப்பப் படிவத்துக்குக் கெடு எப்போது, ஃபெலோஷிப் பரிந்துரைக்குத் துறை பெயர் கேட்பது எப்போது என்று மூன்று தேதிகளையும் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் இருந்தபோது எனக்கு வருத்தம் தந்த நிகழ்வு ஒன்று உண்டு. நான்காம் ஆண்டு மாணவி ஒருவர் நெறியாளரின் திட்ட நிதியில் இருந்தார். கெட்டிக்காரர், கட்டுரைகளும் வெளியிட்டிருந்தார். திட்டம் டிசம்பரோடு முடிவது நெறியாளருக்குத் தெரியும். புதுப்பிக்கப்படும் என்று நம்பி அவர் சொல்லாமல் இருந்துவிட்டார். புதுப்பிக்கப்படவில்லை. மாணவிக்கு நவம்பர் கடைசியில்தான் தெரிந்தது. அடுத்த பருவத்துக்கான கற்பித்தல் இடங்களை நாங்கள் அக்டோபரிலேயே நிரப்பிவிட்டிருந்தோம். ஒருவருடைய இடத்தை இரண்டாகப் பிரித்து, அரைப் பணி மட்டுமே அவருக்குக் கொடுக்க முடிந்தது. செப்டம்பரில் ஒரு வரி எழுதியிருந்தால் எக்செல் தாளில் அவருக்கென ஓர் இடம் மூடி வைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே திட்ட நிதியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறை நெறியாளரிடம் "என் பெயர் எந்தத் திட்டத்தில் இருக்கிறது, அது எந்தத் தேதியில் முடிகிறது, அதன்பின் என்ன ஏற்பாடு" என்று கேட்க வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று நம் மாணவர்கள் தயங்குகிறார்கள். "அடுத்த ஆண்டு வேலையைத் திட்டமிட உதவியாக இருக்கும்" என்று தொடங்கிக் கேட்டால் எந்த நெறியாளரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஏழாம் படி: வெளி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது

வெளி ஃபெலோஷிப் ஒன்றை வெல்வது துறைக்கும் லாபம். எக்செல் தாளில் ஓர் இடம் விடுபடுகிறது. அதனால் சில துறைகள் வென்றவருக்குக் கூடுதல் தொகை சேர்த்துத் தருகின்றன. சில துறைகள் உறுதியளித்த நிதியை அப்படியே கழித்துவிடுகின்றன. விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாக, துறை தந்த ஐந்தாண்டு உறுதியில் அந்த ஆண்டுகள் கழியுமா, அல்லது பின்னால் பயன்படுத்த நிற்குமா என்று கேளுங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் முதுநிலை ஆய்வு ஃபெலோஷிப் மூன்று ஆண்டு நிதியை ஐந்து ஆண்டுக்குள் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. எந்த மூன்று ஆண்டு என்று தேர்ந்தெடுப்பதைத் துறையோடு கலந்தே செய்ய வேண்டும். நெறியாளரிடம் திட்ட நிதி உறுதியாக இருக்கும் ஆண்டில் ஃபெலோஷிப்பை நிறுத்தி வைத்து, அது தீரும் ஆண்டில் எடுப்பவர்கள் நீண்ட காலம் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எட்டாம் படி: கடைசி ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முன்பே திட்டமிடுங்கள்

நிதிக்காலமும் ஆய்வுக்காலமும் ஒன்றாக முடிவது அரிது. இந்தியாவில் ஃபெலோஷிப் ஐந்து ஆண்டு. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஆய்வுக்குத் தரப்படும் காலம் ஆறு ஆண்டு, அதன்பின் மறுபதிவுக்கும் வழி உண்டு. பிரிட்டனில் பலருக்கு நிதி மூன்றரை ஆண்டு, ஆய்வேடு தர நான்கு ஆண்டு. ஆய்வேடு எழுதும் அந்தக் கடைசி மாதங்களில்தான் பணம் நின்றுபோகிறது, அப்போதுதான் வேறு வேலைக்குப் போனால் எழுத்தும் நின்றுபோகிறது.

இதற்கென்றே பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டை முடிப்பதற்கான ஃபெலோஷிப் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் ஓர் இயல் முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், நெறியாளர் முடிக்கும் தேதியைக் குறிப்பிட்டுக் கடிதம் தர வேண்டும். எனவே மூன்றாம் ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்ப விதிகளை எடுத்துப் பாருங்கள். மகப்பேறு விடுப்போ மருத்துவ விடுப்போ எடுத்திருந்தால், அந்த மாதங்கள் நிதிக்காலத்தில் சேர்கின்றனவா, தள்ளி வைக்கப்படுகின்றனவா என்பதை விடுப்பு எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவையுங்கள். இந்தியாவில் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்புக்கு மேற்சொன்ன விதிகளே இடம் தருகின்றன. துறையிலிருந்து வந்த கடிதங்கள், ஒருங்கிணைப்பாளரின் பதில் மடல்கள், ஆண்டு மதிப்பீட்டு முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாகச் சேர்த்து வைத்திருங்கள். ஐந்து ஆண்டுகளில் ஒருங்கிணைப்பாளர் இருமுறையாவது மாறியிருப்பார். புதிதாக வந்தவருக்குப் பழைய வாக்குறுதி தெரியாது. கோப்பைக் காட்டினால் அவரும் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படுவார்.